கிருமியின் வம்சாவளியும் குடும்பத்தின் மானமும்



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டுள்ள விடயம் சற்றுக் கூச்சம் தரக்கூடியது. பெண்கள் வாசிக்கும் பக்கத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அன்ஸாரிப் பெண்களைப் பற்றிப் பேசும்போது, மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு வெட்கம் அவர்களுக்குத் தடையாக நிற்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் அந்தரங்கமான ஒரு கேள்வியை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டுத் தெளிவு பெற்றார்கள். நாணம் ஈமானின் ஒரு கிளை. ஆனால் அறியாமைக்கு நாணம் என்று பெயர் சூட்டுவது சரியல்ல. இந்த அறியாமையால் அதிகம் துன்பப்படுவோர் பெண்களும் பச்சிளம் குழந்தைகளுமே என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கொனோரியா என்று வைத்தியர்களும், வெட்டை நோய் என்று நம் முன்னோரும் சொன்ன நோயைப் பற்றியதே இக்கட்டுரை. அதிலும் குறிப்பாக, அக்கிருமியின் மரபணுவைப் படித்து, அது எந்த வம்சத்தைச் சேர்ந்தது, எங்கிருந்து எங்கே பரவியது என்று கண்டறியும் ஆராய்ச்சியைப் பற்றியது. இந்த ஆராய்ச்சி மனிதகுலத்துக்குப் பெரும் பயன் தருவது. அதே வேளையில், அரைகுறையாக விளங்கிக்கொண்டால் ஒரு குடும்பத்தையே குலைக்கக்கூடியது.

நோயைப் பற்றிச் சில வார்த்தைகள்

1879 ஆம் ஆண்டில் ஜெர்மனிய வைத்தியர் அல்பர்ட் நைஸர் இக்கிருமியைக் கண்டுபிடித்தார். மனிதனைத் தவிர வேறெந்த உயிரினத்தையும் இது இயற்கையில் தொற்றுவதில்லை. உடலுக்கு வெளியே நெடுநேரம் உயிர் வாழ்வதும் இல்லை. ஆகவே கழிவறை, துவாய், நீரோடை ஆகியவற்றின் மீது பழி போடுவதில் அர்த்தமில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 8 கோடியே 20 இலட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டன.

ஆண்களுக்குப் பெரும்பாலும் சில நாட்களிலேயே எரிச்சலும் சீழும் தோன்றிவிடும். பெண்களில் பலருக்கோ எந்த அறிகுறியும் தெரிவதில்லை. மாதக்கணக்கில் உள்ளே இருந்து, கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் ஏறி அழற்சியை உண்டாக்கும். குழாய் அடைபட்டால் பிள்ளைப்பேறு தடைப்படலாம். கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். 'மலடி' என்ற சொல்லைச் சுமந்து கண்ணீர் வடிக்கும் பெண்களுள், தான் அறியாமலே வந்து சேர்ந்த இத்தகைய ஒரு தொற்றினால் அந்நிலைக்கு ஆளானவர்களும் உண்டு என்பதை மாமியார்மார் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்களுக்கும் இக்கிருமி தொற்றும். பிறந்து இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் கண் இமைகள் வீங்கிச் சீழ் வடியும். கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடலாம். 1880 ஆம் ஆண்டில் லைப்ஸிக் நகரின் பிரசவ வைத்தியர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி இடும் முறையைத் தொடங்கி எண்ணற்ற குழந்தைகளைக் குருட்டிலிருந்து காத்தார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைபடுதல் எல்லாம் இந்த நோயல்ல. பூஞ்சணத்தாலும் வேறு சாதாரண காரணங்களாலும் அது வரும். குழந்தையின் கண் பீளை கட்டுவதெல்லாமும் இதுவல்ல; கண்ணீர்க் குழாய் அடைப்பாலும் வரும். வைத்தியரின் பரிசோதனைக்கு முன் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பிரதி எழுதுவோரின் பிழை

இனி, கிருமியின் வம்சத்தை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று பார்ப்போம்.

நம் பாட்டிமார் காலத்தில் அரபுத் தமிழ்க் கிதாபுகளைக் கையால் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். ஒருவர் பிரதி எடுக்கும்போது ஓரிடத்தில் ஒரு சொல்லைத் தவற விட்டுவிட்டால், அந்தப் பிரதியைப் பார்த்து எழுதிய அத்தனை பிரதிகளிலும் அதே சொல் விடுபட்டிருக்கும். கண்டியில் ஒரு பிரதியும் காத்தான்குடியில் ஒரு பிரதியும் ஒரே இடத்தில் ஒரே பிழையோடு இருந்தால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். ஹதீஸ் கலை இமாம்களும் இவ்வாறே ஆராய்ந்தார்கள். பல அறிவிப்பாளர்கள் ஒரே அபூர்வமான தவறை அறிவித்தால், அவர்கள் அனைவருக்கும் பொதுவான ஆசிரியர் யார் என்று இஸ்னாதைப் பின்தொடர்ந்து சென்று பிடித்தார்கள்.

கிருமியின் விடயமும் ஏறத்தாழ இதுதான். அது இரண்டாகப் பிரிந்து பெருகும்போது தனது டீ.என்.ஏ. என்னும் கிதாபைப் பிரதி எடுக்கிறது. அந்தக் கிதாபில் சுமார் 22 இலட்சம் எழுத்துகள் உண்டு. பிரதி எடுக்கையில் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். வருடத்துக்கு ஏறத்தாழ மூன்று, நான்கு எழுத்துகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இருவரிடமிருந்து எடுத்த கிருமிகளின் எழுத்துகள் அநேகமாக ஒன்றாயிருந்தால் அவை நெருங்கிய உறவு. நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் தூரத்து உறவு.

மலைநாட்டில் வாழும் நமக்கு இன்னோர் உதாரணமும் கண்முன்னே இருக்கிறது. ஹேவாஹெட்டப் பகுதியில் லூல்கந்தர தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டது விதையிலிருந்து முளைத்த தேயிலை. அத்தகைய மலையில் செடிக்குச் செடி சாயல் வேறுபடும். பிற்காலத்தில் வந்த வீ.பீ. தேயிலையோ ஒரே தாய்ச்செடியின் தண்டுகளை வெட்டி நட்டது. 2025 என்று பெயர் பெற்ற வகையை எந்த மலையில் கண்டாலும் பழகியவர்கள் இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கிருமியின் வகையைக் கண்டறிவதும் இப்படி இலையைப் பார்த்துக் குலத்தைச் சொல்வது போன்றதே.

உணவிலிருந்து எழுத்துவரை

இந்த வகைப்படுத்தல் ஒரே நாளில் வந்ததல்ல. இக்கிருமி மிகவும் செல்லமானது. இரத்தத்தைச் சூடாக்கிச் சேர்த்த தனி ஊடகத்தில்தான் ஆய்வுகூடத்தில் வளரும். அதன் கபில நிறத்தால் அதற்குச் சொக்லேட் அகார் என்று பெயர். சொக்லேட் எதுவும் அதில் இல்லை. 1970 களில் அமெரிக்க விஞ்ஞானி கெட்லின் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும், எந்தக் கிருமிக்கு எந்தப் போஷாக்கு இல்லாவிட்டால் வளராது என்று பார்த்து வகை பிரித்தார்கள். விருந்தாளியின் ஊரை அவர் விரும்பிச் சாப்பிடும் உணவால் ஊகிப்பது போன்ற முறை அது.

1976 ஆம் ஆண்டில் பெனிசிலினை அழிக்கும் கிருமிகள் முதன்முதலாக அறிவிக்கப்பட்டன. பிரித்தானியாவில் கண்டவை மேற்கு ஆபிரிக்காவோடும், அமெரிக்காவில் கண்டவை தூர கிழக்கு நாடுகளோடும் தொடர்புபட்டிருந்தன. பெனிசிலினை அழிக்கும் ஆற்றலைச் சுமந்த சிறு டீ.என்.ஏ. வளையத்தின் அளவு இரு கூட்டத்திலும் வெவ்வேறாக இருந்தது. ஆகவே இது ஒரே கிருமி உலகெங்கும் ஓடியதல்ல, இரண்டு பாதைகளில் வந்தது என்பது தெளிவாயிற்று.

2004 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர்கள், அடிக்கடி மாறுகின்ற இரண்டு மரபணுக்களின் சில நூறு எழுத்துகளை மட்டும் படித்து எண் கொடுக்கும் முறையை வெளியிட்டார்கள். அதனால் டில்லியில் கண்ட வகையையும் லண்டனில் கண்ட வகையையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட முடிந்தது. அதன் பின்னர் முழு டீ.என்.ஏ.வையும் படிக்கும் காலம் வந்தது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பல ஆண்டுகளாகச் சேர்த்த மாதிரிகளை முழுமையாகப் படித்து, தொற்று எப்படிக் கைமாறியது என்று 2016 இல் வெளியிட்டார்கள்.

நமது அயலிலும் இவ்வேலை நடந்துள்ளது. 2007 முதல் 2011 வரை இந்தியா, பாகிஸ்தான், பூட்டான் ஆகிய நாடுகளில் சேகரித்த கிருமிகளை இரு மரபணு முறையால் வகைப்படுத்தி 2013 இல் ஆய்வொன்று வெளியானது. பலதரப்பட்ட வகைகள் அங்கே உலவின. அவற்றுள் பல முன்னர் எங்கும் பதிவாகாதவை. பெரும்பாலானவை சிப்ரோஃப்ளொக்சசின் மாத்திரைக்கு அடங்கவில்லை. செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கு எல்லாம் அடங்கின.

ஏன் இவ்வளவு பாடு?

கிருமியின் குலத்தைக் கண்டறிவது வம்பு பேசுவதற்காக அல்ல. இந்நோய்க்கு 1930 களில் சல்பா மருந்து வந்தது. சில ஆண்டுகளில் பயனற்றுப் போனது. பெனிசிலின் வந்தது, 1976 இன் பின்னர் அதுவும் பல நாடுகளில் கைவிடப்பட்டது. சிப்ரோஃப்ளொக்சசினும் அதே வழியில் போனது. எஞ்சி நின்ற முக்கிய மருந்து செஃப்ட்ரியாக்சோன் ஊசி.

2009 இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் அதற்கும் அடங்காத கிருமி ஒன்று கிடைத்தது. 2015 இல் ஜப்பானிலேயே வேறொரு வம்சம் கண்டுபிடிக்கப்பட்டது. 2017 இல் கனடா, டென்மார்க், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கிடைத்த கிருமிகளின் எழுத்துகளைப் படித்தபோது அவை இந்த வம்சத்தின் பிள்ளைகள் என்பது தெரியவந்தது. அதற்கு எதிர்ப்பு ஆற்றலைத் தந்த மரபணுவோ, தொண்டையில் தீங்கின்றி வாழும் சகோதரக் கிருமிகளிடமிருந்து துண்டு துண்டாகப் பெற்றது. 2018 இல் தென்கிழக்கு ஆசியாவில் தொற்றுக்கு ஆளாகி இங்கிலாந்து திரும்பிய ஒருவருக்கு வழமையான மருந்துகள் பலிக்காமல், நரம்பு வழியே வேறு மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. வம்சம் தெரிந்தால்தான் எந்த மருந்து பலிக்கும், எந்தப் பக்கமிருந்து ஆபத்து வருகிறது என்று முன்கூட்டியே சுகாதாரத் துறையினர் எச்சரிக்கையாயிருக்க முடியும். நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களுடன் கலக்க வேண்டாம் என்றும், கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் போகவும் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நோயின் பாதையை அறிந்து தடுப்பது நமக்குப் புதிய போதனையல்ல.

பார்மசியில் நின்றுகொண்டு பெயர் தெரியாத நோய்க்கு இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதும், ஒருவருக்குக் கொடுத்த மருந்தை மற்றவர் பகிர்ந்துகொள்வதும் இந்தக் கிருமிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இந்தச் சான்று எதைச் சொல்லாது?

சகோதரிகளே, இனி வருவதைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள்.

ஒரு வீட்டில் மனைவிக்கு நோய் இருப்பது முதலில் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே கணவரின் குடும்பத்தார் 'இவள்தான் கொண்டுவந்தாள்' என்கிறார்கள். இன்னொரு வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த கணவருக்கு அறிகுறி தெரிகிறது. 'நான் வந்த பிறகுதானே வந்தது, இவளிடமிருந்துதான் வந்தது' என்று அவர் வாதிக்கிறார். இரண்டு வாதமும் சான்றல்ல. நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர் முதலில் தொற்றியவர் என்று ஆகிவிடாது. பெண்ணுக்கு அறிகுறியின்றி மாதக்கணக்கில் இருக்கலாம். சில ஆண்களுக்கும் அறிகுறி தெரியாமலிருக்கலாம்.

மரபணுவைப் படித்துப் பார்த்தால்? இருவரிடமும் உள்ள கிருமிகள் ஒரே வம்சம் என்று அது சொல்லலாம். ஆனால் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அது தானாகச் சொல்லாது. இருவருக்கும் இடையே பரிசோதிக்கப்படாத மூன்றாமவர் ஒருவர் இருந்தாரா என்பதையும் சொல்லாது. ஊரில் பரவலாக உள்ள வகையாயின், தொடர்பே இல்லாத இருவரிடமும் அதே வகை காணப்படலாம். இருவரின் கிருமிகளும் வெகுதூரம் வேறுபட்டால், இந்தத் தொற்று அவர்களுக்கிடையே கைமாறியிருக்க வாய்ப்பில்லை என்று சொல்வதில்தான் இச்சான்றுக்கு அதிக பலம் உண்டு. அதற்கும் முன்னதாக, நோய் இருப்பதாகச் சொன்ன முதல் பரிசோதனையே சரியா என்று பார்க்க வேண்டும். நோய் அரிதாக உள்ள இடங்களில் பொய்யாக 'உண்டு' எனக் காட்டும் முடிவுகளும் வரும். அதனால் வைத்தியர்கள் மறுபரிசோதனை செய்வதுண்டு.

மார்க்கம் காட்டும் எல்லை

அடையாளத்தைக் கொண்டு உறவை அறிவதை இஸ்லாம் முற்றாக மறுக்கவில்லை. ஸைத் (ரலி) அவர்கள் வெண்ணிறம். அவருடைய மகன் உஸாமா (ரலி) அவர்கள் கருநிறம். அதைக் கொண்டு சிலர் வம்சத்தைச் சந்தேகித்தார்கள். இருவரும் தலையைப் போர்த்திப் பாதங்கள் மட்டும் தெரியப் படுத்திருந்தபோது, சாயல் பார்ப்பதில் வல்லவரான முஜஸ்ஸிஸ் அல்முத்லிஜி என்பவர் கண்டு, அந்தப் பாதங்கள் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்றார். நபி (ஸல்) அவர்கள் அதனால் மகிழ்ச்சியுற்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் தெரிவித்தார்கள். நமது ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் இதிலிருந்து கியாஃபா என்னும் சாயல் சான்றுக்கு இடமளித்தார்கள். கவனியுங்கள், அங்கே அடையாளம் பழியை நீக்கப் பயன்பட்டது.

இன்னொரு சம்பவம். கிராமவாசி ஒருவர் வந்து, தன் மனைவி கருநிறக் குழந்தை பெற்றிருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் ஐயத்தோடு சொன்னார். அவருடைய செந்நிற ஒட்டகங்களுக்கிடையே சாம்பல் நிற ஒட்டகம் எப்படி வந்தது என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏதோ ஒரு மூதாதையின் நரம்பு இழுத்திருக்கும் என்றார் அவர். அப்படியாயின் இதுவும் அவ்வாறிருக்கலாமே என்று அவருக்கு உணர்த்தினார்கள். ஒரு வித்தியாசத்தைக் கண்டவுடன் மனைவியின் கற்பின் மீது கை வைக்கக் கூடாது என்பதே பாடம்.

மூன்றாவது, ஹிலால் இப்னு உமையா (ரலி) அவர்கள் மனைவி மீது குற்றம் சுமத்தியபோது, லிஆன் எனும் சத்தியப் பிரமாணத்தால் அவ்விவகாரம் முடிக்கப்பட்டது. பின்னர் பிறந்த குழந்தையின் சாயல் குற்றச்சாட்டுக்குச் சார்பாக இருந்தும், அல்லாஹ்வின் வேதம் வகுத்த முறையை மீறி அப்பெண்ணின் மீது தண்டனை விதிக்கப்படவில்லை. சாயல் கண்ணுக்கு முன்னே இருந்தும் சட்டத்தின் வரம்பு தாண்டப்படவில்லை என்றால், ஆய்வுகூடத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தாண்டலாமா?

அந்நூர் அத்தியாயத்தின் 4 ஆவது வசனம் நான்கு சாட்சிகளின்றிப் பெண்கள் மீது அவதூறு சொல்வோருக்கு 80 கசையடி விதிக்கிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12 ஆவது வசனம் சந்தேகத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கிறது. கிளினிக்கில் யாரைக் கண்டோம் என்று ஊரில் வந்து சொல்வதும் இத்தடைக்குள் அடங்கும்.

ஆனால் ஓர் இடத்தில் மௌனம் ஹராமாகும். பிறந்த குழந்தையின் கண்ணைத் தவிர, ஒரு சிறு பிள்ளையிடம் இந்நோய் காணப்பட்டால் அது அப்பிள்ளைக்கு எவரோ அநீதி இழைத்திருப்பதன் பலமான அறிகுறி. மானம் போய்விடும் என்று அதை மூடி மறைப்பது பாவத்தை மறைப்பதாகாது, அநீதியாளனைப் பாதுகாப்பதாகும். நெருங்கிய உறவினராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135 ஆவது வசனம் கட்டளையிடுகிறது. உடனே பிள்ளையை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். பிள்ளையின் உடைகளைக் கழுவ வேண்டாம். கிருமி இறந்தாலும் அதன் டீ.என்.ஏ. துணியில் தங்கியிருக்கக்கூடும். குற்ற விசாரணை ஒன்றில் துணித்துண்டிலிருந்தே வகையைக் கண்டறிந்ததைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்டுள்ளார்கள். அங்கும் அந்தச் சான்று ஏனைய சான்றுகளோடு சேர்ந்தே எடைபோடப்படும்.

நாம் செய்ய வேண்டியவை

நமது நாட்டில் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. கண்டியிலும் உண்டு. கட்டணமில்லை. வேறு வைத்தியரின் கடிதமும் தேவையில்லை. இரகசியம் காக்கப்படும். ஹேவாஹெட்டயிலிருந்து பஸ் ஏறிப் போகும் ஒரு பெண், தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களோ என்று அஞ்சுவது இயல்பே. முதலில் வீட்டுக்கு வரும் குடும்ப நல மாதுவிடம், நாம் மிஸ்ஸி என்று அழைக்கும் அந்தச் சகோதரியிடம் தனியாகக் கேளுங்கள், வழி சொல்வார். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் அங்கீகரித்தது. கர்ப்பிணித் தாய்மார் கூச்சமின்றி இரத்தப் பரிசோதனைக்குச் சென்றதன் பலன் அது.

கர்ப்ப காலப் பரிசோதனைகளைத் தவற விடாதீர்கள். பிறந்த குழந்தையின் கண்ணில் சீழ் கண்டால் தாய்ப்பாலோ பன்னீரோ விட்டுக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோய் உறுதியானால் கணவன் மனைவி இருவரும் ஒன்றாகச் சிகிச்சை பெறுங்கள்; ஒருவர் மட்டும் மருந்தெடுத்தால் மீண்டும் தொற்றும். வைத்தியர் அனுமதிக்கும் வரை விலகியிருங்கள். தனக்கு நோய் இருப்பதை அறிந்துகொண்டே மனைவியை நெருங்குவது அவளுக்கு இழைக்கும் தீங்கு. அப்போது அவள் மறுப்பது கீழ்ப்படியாமை ஆகாது.

தவறு செய்த கணவன் தௌபாச் செய்து சிகிச்சைக்கும் வந்தால், அக்குடும்பம் நிமிர்வதற்கு வாசல் திறந்தே இருக்கிறது. தவறே செய்யாத மனைவி பழியேற்று உம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அந்தப் பழியைச் சுமத்தியவர்கள் மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும். அல்லாஹ் எந்த நோயையும் நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். கொனோரியாவுக்கு இன்றும் மருந்து இருக்கிறது. அவதூறால் உடைந்த ஒரு பெண்ணின் உள்ளத்துக்கு எந்தப் பார்மசியிலும் மருந்து கிடையாது.

நமது குடும்பங்களை நோயிலிருந்தும், நாவின் தீமையிலிருந்தும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.